வால் முளைக்கும் மாதங்கள்

போடியில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறேன். விந்துப் பரிசோதனையும் செய்வேன். அதற்கு ஆம்பளைகளை வரவைப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும்.

பக்கத்து ஊரான சிலமலைக்காரர் ஒருவர் கல்யாணமாகி நாலு வருஷம் கழித்துத்தான் வந்தார். அதற்குள் அவர் மனைவிக்கு எல்லாச் சோதனையும் எடுத்து, குறையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருந்தும் மாமியார் மகனுக்கு வேறு பெண் பார்த்துக்கொண்டிருந்தார்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். உயிரணுக்களுக்குத் தலை சரி, வால்தான் கோளாறு. பாதிக்கு மேல் குட்டையும் சுருட்டையுமாகக் கிடந்தன. நீந்தியவை சொற்பம்.

"என்ன வேலை பாக்குறீக?"

"மலையில ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோர்லக்கா."

"படுக்கிறது எங்க?"

"அடியில அடுப்பு எரியிற அந்தச் சூட்டுத் தரையிலதான். குளிருக்கு கதகதன்னு இருக்கும். அங்க எல்லாரும் அப்படித்தான்."

அடப்பாவி! ஒரு தாளை எடுத்துப் படம் போட்டே காட்டினேன். உயிரணு முதலில் வாலில்லாத வெறும் உருண்டை. விதைக்குள்ளேயே அதன் ஒரு பக்கம் நூலாய் வால் முளைத்து நீளும். ஓடத் தெம்பு தருகிற துணுக்குகள் வாலின் தொடக்கத்தில் சுற்றிக்கொள்ளும், வேண்டாத சதை கழன்றுவிடும். எல்லாம் முடிய இரண்டரை மாதத்துக்குக் குறையாது.

"ஆடு, மாடு, மனுசன் எல்லாத்துக்கும் விதைய ஒடம்புக்கு வெளிய தொங்கவிட்டிருக்கிறதே சூடு ஆகாதுன்னுதான். நீங்க அடுப்பு மேல போய்ப் படுக்குறீக!"

"வெரசா ஒரு மாத்திரை குடுங்கக்கா."

"மாத்திரை டாக்டரு சோலி. வால் வெரசால்லாம் வராது."

டாக்டரும் படுக்கிற இடத்தை மாற்றச் சொல்லி, மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பரிசோதிக்கச் சொன்னார். அதை என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போகும்போது சிலமலைக்காரர் குரலைத் தாழ்த்தி, "ஆத்தாகிட்ட மட்டும் சொல்லிராதீகக்கா" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"நான் எதுக்குச் சொல்றேன்? சொல்ல வேண்டியவரு நீங்க."

மூன்று மாதம் கழித்து அவர் மனைவியையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து மாதிரி கொடுத்தார். பார்த்தவுடன் எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை. நீள நீளமாய் வால்கள், என்ன ஓட்டம்! "நல்லாருக்கு" என்று ரிப்போர்ட்டை நீட்டினேன்.

"எம் மகனுக்கு என்ன கொறை? எல்லாம் இவளால..." என்று அம்மா ஆரம்பித்தார்.

"ஆத்தா, கொறை என்கிட்டதான் இருந்துச்சு. பொண்ணு பாக்குறத நிப்பாட்டு."

மனைவி அழுவாள் என்று நினைத்தேன். அவள் மேசையிலிருந்த, மாதிரி பிடிக்கிற காலி டப்பா ஒன்றை எடுத்துக் கணவர் முன்னால் வைத்தாள்.

"இதுல குடுத்துட்டு வர ஒங்களுக்கு நாலு வருசம் ஆச்சா?"