கழித்த கச்சான்

தாட்சாயினி கச்சானைச் சந்தேகப்பட்டுச் சம்பளம் வாங்குகிறவள். மெல்பேர்னில் டண்டினோங் பக்கம், கச்சான் என்கிற நிலக்கடலையும் கஜு என்கிற முந்திரியும் வறுத்துப் பொதி செய்கிற ஒரு தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வேலை. கப்பலில் வந்து இறங்கும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, அரைத்து, கரைத்து, பூஞ்சணம் அதில் நஞ்சு விட்டிருக்கிறதா என்று பார்ப்பாள். அஃப்ளடொக்சின் என்று அந்த நஞ்சுக்குப் பெயர். கண்ணுக்குத் தெரியாது, வறுத்தாலும் போகாது. இன்றைக்குச் சாப்பிட்டவனை இன்றைக்கு ஒன்றும் செய்யாது. வருடக்கணக்கில் சேர்ந்து ஈரலைப் பிடிக்கும், சின்னப் பிள்ளைகளென்றால் வளர்த்தியைக் குறைக்கும். அளவுக்கு மேல் இருந்தால் தொகுதி முழுவதும் திரும்பிப் போகும். எங்கே போகிறது என்று அவள் கேட்டதில்லை.

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவள். பல்கலைக்கழகத்துக்கு இடம் கிடைத்த வருடம் சண்டையால் பாதை பூட்டியிருந்தது, போகவில்லை. சிறியைக் கலியாணம் செய்து மெல்பேர்ன் வந்தாள். சிறி அதற்குச் சில வருடம் முன்பே அகதியாக வந்து, இப்போது பஸ் ஓட்டுகிறார். அவள் முதலில் அதே தொழிற்சாலையில் பொதி கட்டும் வரிசையில் நின்றாள். பிறகு மாலை வகுப்புப் போய்ச் சான்றிதழ் எடுத்து, தலைக்கு வலைத்தொப்பி போட்ட இடத்திலிருந்து வெள்ளை அங்கி போட்ட இடத்துக்கு மாறினாள். மகள் படித்து முடித்து கன்பராவுக்கு வேலைக்குப் போய்விட்டாள். ரோவில் என்ற புறநகரில் உள்ள வீட்டில் இப்போது இரண்டு பேர்தான்.

த பேசின் என்ற இடத்துப் பிள்ளையார் கோயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துமிடத்தின் ஓரமாக ஒரு தோசைக்கடை போட்டிருந்தார்கள். ஆபிரிக்காவில், மலாவி நாட்டில் ஒரு கிராமத்துப் பெண் விவசாயிகளுக்காக என்று பதாகை. தோசை வார்த்துக்கொண்டிருந்த ஹம்சா பேச்சுவாக்கில் கேட்டாள்.

"நீங்க எங்க வேலை பார்க்கறீங்க?"

"கச்சான் ஃபக்டரியில. லாப்ல."

"கச்சான்னா?"

"நீங்கள் கடலை எண்டு சொல்லுவீங்கள்."

ஹம்சா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "என்னங்க, இங்க வாங்களேன்" என்று கணவரைக் கூப்பிட்டாள். வெங்கட்ராமன் வந்தார். திருச்சிக்காரர், சாலைப் பொறியாளர். மெல்பேர்னுக்கு வருமுன் மலாவியில் ஒரு சாலை வேலையில் நான்கைந்து வருடம் இருந்தவர். அவர் போட்ட சாலையோரத்தில் இருந்த கிராமம் அது. வேலை முடிந்து வந்த பிறகும் தொடர்பு விடவில்லை. ரோவிலிலும் சுற்றுவட்டத்திலும் உள்ள சில குடும்பங்களைச் சேர்த்து ஒரு சின்ன அமைப்பாக ஆக்கியிருந்தார். அந்தப் பெண்கள் பயிரிடுவது கடலை. "கடவுளே அனுப்பின மாதிரி இருக்கும்மா" என்றார். தாட்சாயினிக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் அடுத்த கூட்டத்துக்குப் போனாள்.

கூட்டம் வெங்கட்ராமன் வீட்டுக் கராஜில் நடந்தது. சுவரில் படம் காட்டினார். அமைப்பு வாங்கிக் கொடுத்த நீள மேசைகளில் பெண்கள் வரிசையாக நின்று கச்சான் பருப்பைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சுருங்கினது, நிறம் மாறினது, உடைந்தது எல்லாம் ஒருபக்கம் ஒதுக்கப்பட்டது. நல்லது மட்டும் சாக்கில் ஏறி நகரத்துக்குப் போனது. முன்பு வாங்க மறுத்த வியாபாரி இந்த முறை நல்ல விலைக்கு எடுத்துவிட்டாராம். எல்லோரும் கைதட்டினார்கள். தாட்சாயினியும் தட்டினாள். தேநீர் ஊற்றும்போதுதான் கேட்டாள்.

"வெங்கட் அண்ணா, கழிச்ச கச்சான் எங்க போகுது?"

"கழிச்சதா? தூக்கிப் போட்டிருப்பாங்க" என்றார் அவர். பிறகு, "தெரியல. கேக்கலாமே" என்றார்.

கிராமத்துப் பெண்கள் குழுவின் தலைவி தோக்கோசானி. எல்லோருக்கும் தோக்கோ. பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் படிப்பித்ததால் நல்ல ஆங்கிலம். வெங்கட்ராமன் இலக்கத்தைக் கொடுக்க, தாட்சாயினி ஒரு பின்னேரம் வேலையால் வந்ததும் குசினியில் இருந்து வீடியோவில் அழைத்தாள். அங்கே காலை. தோக்கோவின் பின்னால் யாரோ உரலில் எதையோ இடித்துக்கொண்டிருந்தார்கள்.

கேள்வியைக் கேட்டதும் தோக்கோ சிரித்தாள். "சாப்பாட்டை யாராவது எறிவார்களா? வீட்டுக்கு வைத்துக்கொள்வோம். இதோ, அதைத்தான் இடிக்கிறாள். மா ஆக்கிப் பிள்ளைகளின் கஞ்சியில் போடுவோம். சத்து என்று கிளினிக்கில் சொன்னார்கள். மிச்சத்தைச் சந்தையில் விற்போம்."

தாட்சாயினி படத்தில் அந்த உரலைப் பார்த்தாள். நஞ்சு பெரும்பாலும் அந்தச் சுருங்கின, நிறம் மாறின பருப்பில்தான் இருக்கும். முன்பு நல்லதும் கெட்டதும் கலந்து வீட்டுக்கும் போனது, வெளியிலும் போனது. இப்போது நல்லதெல்லாம் தெரிந்தெடுக்கப்பட்டு வெளியே போக, கெட்டது மட்டும் தனியாக அந்தப் பிள்ளைகளின் கஞ்சிக்குப் போகிறது. மேசை வந்த பிறகு வந்த நிலைமை அது.

இரவுச் சாப்பாட்டில் சிறியிடம் சொன்னாள். சிறி முழுவதையும் கேட்டார்.

"உமக்கு ஏன் உந்தச் சோலி? எங்கட சனம் வன்னியில கிடந்து உத்தரிக்குது. அதுகளுக்குச் செய்யாமல் ஆபிரிக்காவுக்கு வெளிக்கிட்டிருக்கிறீர்."

"அதுக்கும் குடுக்கிறம்தானே."

"குடுக்கிறம். ஆனால் ஞாயிற்றுக்கிழமையெல்லாம் போய் இருக்கிறது உவையளோட."

"எனக்கு வன்னியைப் பற்றி ஒண்டும் தெரியாது, இஞ்சேருங்கோ. கச்சானைப் பற்றித் தெரியும்."

சிறி சோற்றைப் பிசைந்தார். அவர் மனம் மாறினதாகச் சொல்ல முடியாது.

அடுத்த கூட்டத்தில் தாட்சாயினி விஷயத்தைச் சொன்னாள். சொல்ல அதிக நேரம் எடுக்கவில்லை. வெங்கட்ராமனுக்கு முகம் சிவந்தது.

"அப்போ நாம செஞ்சது தப்புங்கறீங்களா?"

"தப்பெண்டு சொல்லேல்லை. இப்பிடி நடக்குது எண்டு சொல்லுறன்."

"கெட்டதைச் சாப்பிடாதீங்கன்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"பிறகு எதைச் சாப்பிடுறது?"

ஹம்சா எழுந்து போய்த் தேநீர்த் தட்டைக் கொண்டுவந்தாள். கடைசியில் பூஞ்சணம் பிடிக்காமல் பார்ப்பது எப்படி என்று அந்தப் பெண்களின் மொழியில் சுவரொட்டி அடித்து அனுப்புவதென்று முடிவாயிற்று. ஓடு உரிக்காமல் கோதோடு நன்றாகக் காய வையுங்கள், தரையில் கொட்டாதீர்கள், கோதை நனைத்து உடைக்காதீர்கள். வாசகம் தாட்சாயினியுடையதுதான். நனைத்து உடைத்த பருப்பு ஈரத்தோடு சாக்கில் ஏறினால் பூஞ்சணத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது என்று அவள் படித்திருந்தாள்.

சுவரொட்டி போய்ச் சேர்ந்தது. சில மாதம் கழித்து அவள் தோக்கோவிடம் கேட்டாள். "ஒட்டியிருக்கிறோம், அழகாக இருக்கிறது" என்றாள் தோக்கோ. நனைப்பதை விட்டுவிட்டார்களா என்றதற்கு, "இல்லை" என்றாள். ஏன் என்று கேட்டதற்குத் தன் பெருவிரலைக் கமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டினாள். படம் மங்கலாக இருந்தது. தாட்சாயினிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அடுத்த ஆடி மாதம் லீவு எடுத்துக்கொண்டு வெங்கட்ராமன், ஹம்சாவோடு அவளும் புறப்பட்டாள். செலவு அவரவருடையது. சிறி விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டார். "தண்ணியைக் கொதிக்கவைச்சுக் குடியும்" என்று மட்டும் சொன்னார்.

கிராமத்தில் அறுவடை முடிந்து கோது உடைக்கும் காலம். பெண்கள் பெரிய வேப்பமர நிழலில் பாய் விரித்து, நடுவில் கச்சானைக் குவித்து உட்கார்ந்திருந்தார்கள். அங்கேயும் வேம்பு நிற்பது அவளுக்குப் புதினமாக இருந்தது. அவளும் உட்கார்ந்தாள். கோதைப் பெருவிரலால் அழுத்தி உடைத்துப் பருப்பைத் தட்டில் போட வேண்டும். நன்றாகக் காய்ந்த கோது. முதல் கொஞ்ச நேரம் சுகமாகத்தான் இருந்தது, ஊரில் வறுத்த கச்சான் உடைத்துத் தின்பதுபோல. பிறகு நகத்தின் ஓரம் எரியத் தொடங்கியது. வெயில் உச்சிக்கு வருமுன் இரண்டு பெருவிரலிலும் தோல் கழன்றுவிட்டது. தட்டில் சேர்ந்தது அவளுடைய காலைச் சாப்பாட்டுக் கிண்ணத்துக்கும் காணாது. சுற்றியிருந்தவர்களின் விரல்களை அப்போதுதான் பார்த்தாள். நுனிகள் தடித்து வெடித்திருந்தன. இன்னும் சாக்குச் சாக்காகக் கிடந்தது.

பக்கத்தில் இருந்த ஒரு பெண் அவளுடைய கையைப் பார்த்தாள். எழுந்து போய், ஒரு சட்டியில் தண்ணீர் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். பிறகு தாட்சாயினியின் கச்சானில் ஒரு கைப்பிடியை அள்ளி அதில் போட்டு, சற்றுப் பொறுத்து எடுத்துக் கொடுத்தாள். கோது மெத்தென்று ஆகியிருந்தது. தொட்டதும் பிளந்தது.

வெங்கட்ராமன் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சுவரொட்டி எதிரே களஞ்சியச் சுவரில் ஒட்டியிருந்தது. தாட்சாயினி அடுத்த கைப்பிடியையும் சட்டியில் போட்டாள். பின்னேரம் வரை அப்படியேதான் உடைத்தாள்.

மாலையில் அவள் தோக்கோவிடம் நேராகவே கேட்டாள். "நனைத்தால் கெட்டுப்போகும் என்று உங்களுக்கு முன்பே தெரியுமா?"

"கசக்கும் என்று தெரியும். கசந்தால் கெட்டது என்று எல்லோருக்கும் தெரியும். பெயர்தான் தெரியாது" என்றாள் தோக்கோ. "அதனால்தான் முதலில் கோது உடைக்கும் மெசின் கேட்டோம்."

"எப்போது கேட்டீர்கள்?"

தோக்கோ வெங்கட்ராமனைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கேட்டாங்க" என்றார் தமிழில். "மேசைக்கு முன்னாடியே கேட்டாங்க. வியாபாரி தரம் பிரிச்சுத் தரணும்னு சொன்னதால நான்தான் மேசைன்னு முடிவு பண்ணேன். மெசின் அப்புறம் பாத்துக்கலாம்னு…"

ஹம்சா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தாட்சாயினி அவரைக் குற்றம் சொல்லவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. அப்போது அவளுக்கு விரல் வலிதான் பெரிதாக இருந்தது.

மெசினுக்குத் தூரம் போக வேண்டியிருக்கவில்லை. சந்திக் கடைத்தெருவில் ஒரு இரும்பு ஒட்டுகிறவன் செய்து விற்றான். மேலே கச்சானைக் கொட்டி, கைப்பிடியை முன்னும் பின்னுமாக ஆட்டினால் கீழே கோதும் பருப்பும் விழும். அவர்கள் திரும்புமுன் ஒன்று கிராமத்துக்கு வந்துவிட்டது. முதல் நாளே சண்டை. மெசினில் பருப்பு நிறைய உடைந்தது. உடைந்த பருப்புக்கு வியாபாரி பாதி விலைகூடத் தரமாட்டான். விற்கிற பங்கைக் கையாலேயே உடைக்க வேண்டும் என்று சிலர், அப்படியென்றால் மெசின் எதற்கு என்று சிலர். ஒரு வயதான பெண் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். தாட்சாயினிக்குப் பேச்சு விளங்கவில்லை, குரல்கள் விளங்கின. கோண்டாவில் கூட்டுறவுச் சங்கக்கடைக் கூட்டமும் இப்படித்தான் இருக்கும்.

இரண்டு நாள் கழித்து அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். வீட்டுப் பங்கு முதலில் மெசினில் போகும், காய்ந்தபடியே. மா ஆக்குவதற்கு உடைந்தால் என்ன, உடையாவிட்டால் என்ன? விற்கிற பங்குக்குக் கம்பிச் சல்லடையை மாற்றித் தரும்படி ஒட்டுகிறவனிடம் கேட்பது. அதுவரை கை. தாட்சாயினி நஞ்சைப் பற்றிச் சொல்லியிருந்ததால், தரம் பிரித்துக் கழித்ததை வீட்டுக்கு எடுப்பதில்லை. அதைச் சவர்க்காரத்துக்கு எண்ணெய் பிழிகிற ஒருவனுக்குக் கொடுத்துவிடுவது. அதற்குக் கிடைக்கிற விலை சொற்பம். அந்த நட்டத்தை விற்கிற பங்கிலிருந்து ஈடு செய்ய வேண்டும் என்று தோக்கோ சொன்னபோது முணுமுணுப்பு எழுந்தது, ஆனால் யாரும் எழுந்து போகவில்லை.

தாட்சாயினி கொண்டுபோன, நஞ்சைக் காட்டும் பரிசோதனைப் பட்டிகளில் மிச்சத்தைத் தோக்கோவின் தங்கையிடம் விட்டு, பாவிக்கும் விதத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள். அடுத்த வருடம் வீட்டுக்கென்று எடுத்து வைத்த சாக்குகளில் முக்கால்வாசியில் நஞ்சு அளவுக்குள் இருந்தது. மீதியில் கூடியிருந்தது. அறுவடைக்குப் பிறகு எதிர்பாராத மழை பெய்ததாம், காயப்போட்டது நனைந்துவிட்டதாம். அதற்கு மெசின் ஒன்றும் செய்யாது. சில வீடுகளில் இன்னமும் நனைக்கிறார்கள், மெசினுக்கு முறை வரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல். தோக்கோ எதையும் மறைப்பதில்லை.

கராஜ் கூட்டங்கள் தொடர்கின்றன. வெங்கட்ராமன் இப்போதெல்லாம் எந்தத் திட்டத்தையும் எடுக்குமுன், "அவங்க என்ன கேட்டாங்க?" என்று ஆரம்பிக்கிறார். கொஞ்சம் அளவுக்கு மீறியே கேட்கிறார் என்று ஹம்சா சொல்லுகிறாள். தாட்சாயினியைச் செயலாளராக இருக்கச் சொன்னார்கள். அவள் மாட்டேன் என்றாள். எழுத்து வேலை அவளுக்குப் பிடிக்காது. சிறி கூட்டத்துக்கு வருவதில்லை. தோசைக்கடை போடும் நாட்களில் மட்டும் காஸ் சிலிண்டரைக் காரில் ஏற்றி இறக்கித் தருவார், பிறகு கோயிலுக்குள் போய்விடுவார்.

கடந்த மாதம் தோக்கோ தானாகவே அழைத்தாள். பக்கத்துக் கிராமத்துப் பெண்களும் மெசின் கேட்கிறார்களாம், வாடகைக்குக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்களாம். அதைச் சொல்லி முடித்துவிட்டு, சோளத்தில் வண்டு விழுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டாள்.

"எனக்குச் சோளம் தெரியாது" என்றாள் தாட்சாயினி.

"தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா?"

சிட்னியில், பிளாக்டவுனில் அருந்தவன் என்று சிறியின் பழைய கூட்டாளி ஒருவர் இருக்கிறார். தானியக் களஞ்சியங்களுக்கு வண்டு மருந்து அடிக்கிற நிறுவனத்தில் நெடுநாள் வேலை செய்தவர். அவரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி வைத்தாள். முன்னறையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த சிறியிடம் போய் இலக்கம் கேட்டாள்.

"என்னத்துக்கு?" என்றார் சிறி.

"சோளத்துக்கு."

அவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் கைப்பேசியை எடுத்து நீட்டினார். "காலமை எடும். அவன் பின்னேரத்தில நித்திரை" என்றார்.