ஒரு மீட்டர் கப்பலும் எட்டு டயர்களும்

போன சனிக்கிழமை, டென்மார்க்கின் கோல்டிங் நகரில் ஒரு கப்பலை மூழ்கடித்துவிட்டு வந்தேன்.

பதறாதீர்கள். நீளம் ஒரு மீட்டர்தான். மூழ்கிய இடம், வாடகைக்கு எடுத்த ஒரு நீச்சல் குளம்.

சிந்துஜா என்று ஒரு பெண். டென்மார்க்கிலேயே பிறந்தவள், தன் முதல் படத்தை எடுக்கிறாள். கதையில் ஒரு மீன்பிடிக் கப்பல் புயலில் மூழ்க வேண்டும். உண்மைக் கப்பலை யார் கொடுப்பார்கள்? இருபதில் ஒரு பங்கு அளவில் மாடல் செய்வது என்று முடிவானது. யாரைக் கேட்டாள்? இக்காஸ்ட் என்ற சிற்றூரில் உட்கார்ந்து செயற்கைப் பல் செய்கிற என்னை!

"அக்கா, பல்லே செய்யிறீங்கள்... கப்பல் செய்ய மாட்டீங்களோ?"

"ஏன் மாட்டன்? செய்யிறன்."

தயங்கவேயில்லை. செதுக்குவதுதானே என் தொழில்? கடையில் விற்கும் கிட் எதையும் தொடவில்லை. பேனா ஸ்பிரிங், வலை இழுக்கும் இயந்திரத்துக்குள் போனது. தேநீர் வடிகட்டியின் கம்பிவலை, புகைபோக்கிக்கு மூடியானது. கரையில் மோதி அடிபடாமலிருக்க விளிம்பில் தொங்கும் எட்டு டயர்களையும் புட்டிப் பசையில் பிடித்து, இறுகியதும் கோடு கோடாகச் செதுக்கினேன். எட்டும் அச்சில் வார்த்தது போல!

படப்பிடிப்புக்கு எட்டு நாள் இருக்கும்போது, கமராக்காரர் லார்ஸ் லென்ஸ் வழியாகப் பார்த்தார். டேனிஷில் ஒரே சொல் சொன்னார்.

"பொம்மை."

சிந்துஜாவின் முகம் விழுந்துவிட்டது. "சரிவராட்டி அந்த சீனையே வெட்டோணும் அக்கா. அது இல்லாட்டி படமே இல்லை."

மூன்று மாத உழைப்பு. கோபம் வராதா? நானும் லென்ஸில் பார்த்தேன்... மனிதர் சொன்னது சரிதான். ஏன் என்றுதான் பிடிபடவில்லை.

மறுநாள் கணவரிடம், "மேற்குக் கடற்கரைக்கு ஒருக்காப் போவம்" என்றேன்.

"கப்பல் பாக்கவோ? இன்டர்நெட்டில படம் கிடக்குத்தானே?"

"கிட்ட நிண்டு பாக்கோணும். வாங்கோ."

துறைமுகத்தில் ஒரு பழைய மீன்பிடிக் கப்பல் முன்னால் ஒரு மணி நேரம் நின்றேன். ஒரு டயர் நசுங்கியிருந்தது. ஒன்று திரும்பிக்கொண்டு நின்றது. இன்னொன்றைக் காணவேயில்லை — கயிறு மட்டும் தொங்கியது. ஏணிக்குப் பக்கத்தில், கை பிடிக்கும் இடத்தில் மட்டும் பெயின்ட் போய் இரும்பு மின்னியது.

அட, இது எனக்குத் தெரிந்த விஷயமல்லவா? பற்களை நேர்வரிசையாய், ஒரே வெள்ளையாய் வைத்தால் பொய்ப்பல் என்று குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். அதனால் ஒன்றைச் சற்றே திருப்பி வைப்பேன். ஒன்றின் முனையைத் தேய்த்துவிடுவேன். வாய்க்குச் செய்ததைக் கப்பலுக்கு ஏன் செய்யவில்லை? என் கைவண்ணத்தைக் காட்டுகிற ஆசை... வேறென்ன? நம் கெட்டித்தனம் முன்னால் வந்து நின்றால், செய்த பொருள் பின்னால் போய்விடுகிறது.

வீட்டுக்கு வந்து ஒரு டயரைப் பிடுங்கி எறிந்தேன். ஒன்றை நசுங்கலாய்ப் புதிதாகச் செய்தேன். கைப்பிடிக் கம்பியில், ஏணிப் பக்கம் மட்டும் பெயின்டைச் சுரண்டினேன். செதுக்குவதைவிட, கெடுப்பதற்குத்தான் அதிகக் கவனம் தேவைப்பட்டது!

சனிக்கிழமை. இருப்பது ஒரே கப்பல், அதனால் ஒரே டேக். செயற்கை அலை எழுந்தது. கப்பல் சரிந்தது, மூக்கைத் தூக்கியது, போய்விட்டது. சில நொடிகள்தான்.

சிந்துஜா என் கையைப் பிடித்தாள். "கவலையோ அக்கா?"

"இல்லை. வடிவாத் தண்ணிக்குள்ள தாண்டது."

லார்ஸ் கமராவிலிருந்து மெதுவாகத் தலையை எடுத்தார். தண்ணீரையே பார்த்துக்கொண்டு டேனிஷில் கேட்டார்:

"கதையில், அதில இருந்தவை எல்லாரும் தப்பீட்டினம்தானே?"

திரைக்கதையை என்னைவிட அதிகத் தடவை வாசித்த மனிதர்!