மேல்வீட்டு வைஃபை

அந்தத் தெருவில் அவருக்குப் பூட்டுக்காரர் என்று பெயர். பூட்டு விற்பவர் அல்ல. ஒரு துணிக் கிடங்கில் காவலர்களுக்கெல்லாம் தலைவர். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பார். கோபமும் அவருக்கு அப்படித்தான். ஒருவர்மேல் வந்துவிட்டால், இன்னும் கெட்டியாக இருக்கிறதா என்று அவ்வப்போது இழுத்துப் பார்த்துக்கொள்வார்.

அன்றைய கோபம் தீப்பெட்டி அளவுள்ள ஒரு கறுப்புப் பெட்டியின்மேல். டிவியில் நேரலை பார்ப்பதற்காக மகள் வாங்கி அனுப்பியது. வெளியூரில் பளுதூக்கும் இறுதிப் போட்டி. இன்னும் சற்று நேரத்தில் அவள் மேடை ஏறுவாள். மகள் தூக்குவதை முதன்முதலாகப் பார்க்கப் போகிறோம் என்று மனைவி தையல் வேலையைக்கூட ஒதுக்கிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். பெட்டியோ வீட்டு வைஃபையைத் தேடித் தேடி, கிடைக்கவில்லை என்று கையை விரித்தது.

பிடுங்கிச் சொருகினார். ரௌட்டரை அணைத்துப் போட்டார். பெட்டிக்காரர்களின் உதவி எண்ணுக்கு அடித்தார். அந்தப் பெண் சாவகாசமாக, மறுபடியும் அணைத்துப் போடச் சொன்னாள். வந்ததே கோபம்! ஃபோனை வீசி எறிந்தார். சோபாவில் விழும் என்று நினைத்து எறிந்தது, சுவரில் பட்டு உயிரை விட்டது. மனைவியிடம் இருப்பது பட்டன் ஃபோன். அதில் படமும் வராது, ஒன்றும் வராது.

சிதறியதைப் பொறுக்கிக்கொண்டே அவள்தான் கேட்டாள்.

"ஏங்க, லைன்காரரைக் கூட்டிட்டு வந்து நம்ம வைஃபை பேரையே மறைச்சது நீங்கதானே? உங்க ஃபோனைத் தவிர எதுவும் ஒட்டக் கூடாதுன்னு?"

அவர்தான். மாடியில் குடியிருக்கும் அண்ணன் ஒருநாள் தெருக்கதவைப் பூட்டாமல் தூங்கிப்போக, இவருடைய பைக் களவு போனது. அன்றோடு பேச்சு நின்றது. தன் வைஃபை ஒரு சொட்டுகூட மாடிக்குப் போகக் கூடாது என்று மறைத்தார், பூட்டினார், பிறகு மறந்தும் போனார். இப்போது அதை அவிழ்க்கும் வழி செத்துப்போன ஃபோனுக்குள் இருந்தது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம் என்று புரிந்ததும் ஆத்திரம் இன்னும் ஏறியது. அதையும் அண்ணன்மேலேயே ஏற்றினார். வேறு ஆள் பழக்கமில்லை.

திரையில் அக்கம்பக்கத்து வைஃபைகள் வரிசையாக நின்றன. முதலில் நின்றது 'மேல்வீடு'. பக்கத்தில் பூட்டுக் குறி இல்லை.

"பாரு, இதைக்கூடப் பூட்டலை அந்த மனுசன்" என்று பல்லைக் கடித்தார்.

மனைவி ரிமோட்டுக்குக் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை.

"அந்த ஆளு லைன்ல பார்க்கிறதுக்குப் பார்க்காமலே இருக்கலாம்."

"நீங்க இருங்க. பெத்தவ நான் பார்க்கணும்" என்று ரிமோட்டைப் பிடுங்கி அமுக்கினாள்.

படம் வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் நினைத்தார், கழுத்து திரும்பவில்லை. மகள் கையில் வெள்ளைப் பொடியோடு மேடைக்கு நடந்து வந்தாள். இவ்வளவு தோளா என்று இருந்தது. குனிந்து கம்பியைப் பிடித்தாள். மனைவி அவர் சட்டையைப் பிடித்தாள்.

அந்த நேரம் பார்த்து மாடியில் தரை அதிர்ந்தது. யாரோ குதித்தார்கள். நாற்காலி ஒன்று சாய்ந்தது. மேலே ஓடும் படம் கீழே வந்து சேரச் சில நொடி பிந்தும்போலிருக்கிறது. படிக்கட்டில் அண்ணனின் தொண்டை கிழிந்தது.

"தம்பி! தூக்கிட்டாடா! நம்ம புள்ள தூக்கிட்டாடா!"

இவர் கண்முன்னால் மகள் இன்னும் குனிந்தேதான் இருந்தாள். கம்பி தரையில்தான் கிடந்தது. அவள் தூக்கிய சேதி, எந்த வாய்க்கு இவர் காது கொடுக்க மாட்டேன் என்றிருந்தாரோ அந்த வாயிலிருந்தே வந்துவிட்டது. பிறகுதான் கம்பி மெல்ல எழும்பி, அவள் தலைக்குமேல் போய் நின்றது. மனைவி அழுதாள்.

அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது. பழக்கதோஷத்தில் கோபத்தை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். கையோடு கழன்று வந்தது. அதற்காகவும் அவருக்குக் கோபம் வந்தது. மேலே அண்ணன் இன்னும் ஓயவில்லை.

கூரையைப் பார்த்து இவரும் கத்தினார். "கேட்டுச்சுண்ணே. முன்னாடியே சொல்லித் தொலைக்காத. அடுத்து அவ தூக்குறதை நானே பார்த்துக்கிறேன்."