ராயம்மாள் ஊற்றிய கஞ்சி

மாரண்டஹள்ளிக்குத் தெற்கே எங்கள் ஊர் மாதா கோயிலின் பின்கட்டில், 1967 முதல் எட்டு ஆண்டுகள் ராயம்மாள் சிறு பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சினார். வெளிநாட்டு உதவியாகக் கப்பலில் வந்த சோள மாவும் பால்பவுடரும்தான் சரக்கு. மூட்டைகளின் இருப்பு என் பொறுப்பு, அடுப்பு அவர் பொறுப்பு. மாவை யார் கையிலும் கொடுக்க மாட்டார். பிள்ளை அங்கேயே உட்கார்ந்து குடிக்க வேண்டும்.

"வூட்டுக்குக் குடுத்தா டீக்கடைக்குப் போவும், இல்லைன்னா கன்னுக்குட்டிக்குப் போவும்" என்பார். என்னையும் சேர்த்துத்தான் சந்தேகப்பட்டார்.

1969 ஆடியில் தீர்த்தம்மாள் ஒரு வயது தாண்டிய மகன் மாதுவைத் தூக்கி வந்தாள். விலா எலும்பு தெரிந்தது. வயிறு மட்டும் உப்பியிருந்தது. பிள்ளை சவலை விழுந்துவிட்டது என்று ஊரே சொன்னது. தாய் வயிற்றில் அடுத்தது தங்கினால் பால் கெட்டு, மடியில் இருப்பது இளைக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவள் புருஷன் மாதையனோ தைமாதமே குடகுக் காப்பித் தோட்டத்துக்குப் போயிருந்தான்; அதனால் அவள் நடத்தையைப் பற்றியும் பேச்சு கிளம்பியது.

ராயம்மாளும் முதலில் அவள் வயிற்றைத்தான் பார்த்தார்.

"தூரமாயி எவ்வளவு நாளாச்சு?"

"இவன் பொறந்ததிலிருந்தே ஆகலைங்கக்கா. பால் குடுத்தா அப்படித்தானே? அத்தை நம்ப மாட்டேங்கறாங்க. கத்தாழையத் தடவிப் பாலை நிறுத்திட்டாங்க."

"இப்ப என்ன குடுக்கறீங்க?"

"களி செரிக்காதுன்னு கூழுத் தெளிவு மட்டும்."

"தெளிவா? தண்ணிதான் அது. கொண்டா அவனை."

மாமியார் பெரியம்மாளுக்கு வேதக்காரர் கோயில் கஞ்சி பிடிக்கவில்லை. ஆனாலும் தீர்த்தம்மாள் தினமும் வந்தாள். ஐப்பசிக்குள் மாது தவழ்வதை விட்டு எழுந்து நின்றான்.

அங்கேதான் விபரீதம். பால் நிறுத்திய பிறகு தீர்த்தம்மாளுக்கு இயல்பாகவே மறுபடி தூரம் வந்தது. வீட்டுக்கு வெளியே உட்கார்ந்தவளை எல்லாரும் பார்த்தார்கள். அதே சமயம் பிள்ளையும் தேறியது. ஊர் இரண்டையும் முடிச்சுப் போட்டது.

"கலைச்சுட்டா. அதான் புள்ள தேறுது" என்றாள் பெரியம்மாள். மருந்து கொடுத்தது ராயம்மாள் என்றும் பேச்சு வந்தது. மகன் வந்ததும் மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று முடிவு செய்துவிட்டார்கள்.

கார்த்திகையில் மாதையன் வந்தான். வீட்டில் பேச்சைக் கேட்டுவிட்டு நேரே பின்கட்டுக்கு வந்தான். நான் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, மருந்து குடுத்தீங்களா?"

"குடுத்தேன். தெனம் ஒரு கிண்ணம். அண்டாவுல இருக்கு, நீயும் குடிச்சுப் பாரு."

அவன் சிரிக்கவில்லை. ராயம்மாள் கரண்டியால் மூலையைக் காட்டினார். அங்கே சவுரியப்பன் மகள், கால் குச்சியாக, கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"அந்தப் புள்ளைய உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும். ஆத்தா செத்துப்போச்சு."

"உன் மவனும் இப்படித்தான் இருந்தான். அவனுக்கு ஆத்தா வயித்தைக் குத்தம் சொன்னீங்க. இதுக்கு யார் வயித்தைச் சொல்லுவீங்க?"

மாதையன் அந்தப் பிள்ளையைப் பார்த்தான். பிறகு, "கஞ்சிக்குத் தண்ணி எவ்வளவு ஊத்தணும்?" என்று கேட்டான். ராயம்மாள் சொன்னார். கேழ்வரகை முளைகட்டி அரைத்தாலும் இதே போல் காய்ச்சலாம் என்பதையும் சொன்னார். அவன் கேட்டுக்கொண்டு போய்விட்டான்.

மூன்றாம் நாள் ஓசூர் பஸ் நிற்கும் இடத்தில் அவர்களைப் பார்த்தோம். மூட்டையோடு தீர்த்தம்மாள் நின்றாள். பெரியம்மாள் தள்ளி நின்று சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நம்பித்தான் குடகுக்குக் கூட்டிட்டுப் போறானா, கண்ணுக்கு எதிர்ல வெச்சுக்கக் கூட்டிட்டுப் போறானா?" என்று ராயம்மாளிடம் கேட்டேன்.

"அது எனக்கெப்படித் தெரியும்? அவன் மொகத்துல ஒண்ணும் இல்லை."

பஸ் வந்தது. ஊரார் பார்த்துக்கொண்டிருக்க, மாதையன் மகனைத் தோளில் ஏற்றிக்கொண்டு, மனைவிக்கு வழிவிட்டு, அவள் பின்னால் ஏறினான்.