லெஸ்டர் சாலையில் ஒரு ஹாரன்

என் வீட்டுக்காரர் கை நீட்டுகிற ஆள். முதலிபாளையத்தில் எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னம் வீங்கிய நாட்களில் 'பாத்ரூம்ல வழுக்கிடுச்சு' என்பேன். அங்கே நிற்கும் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு, பார்த்த பீஸையே திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். மூலனூரில் அம்மாவிடம் மட்டும் ஒருதரம் வாயெடுத்தேன். "வெளிய யாருகிட்டயும் சொல்லிப்போடாத கண்ணு. சொல்லிட்டயின்னா அப்பறம் அந்த ஊட்டுல நீ இருக்க முடியாது" என்றாள். இருந்தாக வேண்டுமே என்று நானும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

வெளியில் பார்த்தால் அவரைப்போல் மரியாதையான மனுஷன் கிடையாது. லோடு ஏற்றுகிறவரிடம்கூட "ஏனுங்க, சாப்ட்டீங்களா?" என்று கேட்பார். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் லண்டனுக்கு வடக்கே லெஸ்டர் என்கிற ஊரிலிருந்து எங்கள் பனியன் வாங்குகிற பையர் கூப்பிட்டபோது, இங்கிலீஷ் பேச ஆள் வேண்டுமென்று என்னையும் கூட்டிப்போனார். மீட்டிங் நல்லபடியாக முடிந்து ஒரு நாள் மிச்சம் இருந்தது. எங்கள் பழைய நிட்டிங் மிஷினின் இரும்பில் அந்த ஊர்ப் பெயரை வார்த்திருப்பார்கள். "லண்டனை எல்லாருந்தான் பாக்கறாங்க. நம்ம மிஷினு பொறந்த ஊரச் சுத்திப் பாப்பம் புள்ள" என்று வாடகைக்கு ஒரு சின்னக் கார் எடுத்தார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஊருக்குள் எங்கே பார்த்தாலும் சிவப்புச் செங்கல் மில்கள். பாதிக் கட்டடங்களில் பூட்டு தொங்கியது. ஒவ்வொன்றின் முன்னாலும் காரை நிறுத்தி, இங்கே எத்தனை மிஷின் ஓடியிருக்கும் என்று கணக்குப் போட்டார். குஜராத்திக்காரர்களின் சேலைக்கடைத் தெருவில் இஞ்சி டீ குடித்தோம். அப்புறம் ஹிங்க்லி பக்கம் கிளம்பினோம். அங்கேயும் ஒரு காலத்தில் காலுறைதான் தொழிலாம்.

மேப் என் மடியில் இருந்தது. அந்த ஊரில் ரோட்டை விட ரவுண்டானாதான் ஜாஸ்தி. ஒரு ரவுண்டானாவில் நான் ஒரு பாதை முன்னாலேயே திரும்பச் சொல்லிவிட்டேன். வயல்காட்டுக்குள் வெகுதூரம் போன பிறகுதான் வழி தப்பியது தெரிந்தது. அவருடைய இடது கை ஸ்டியரிங்கை விட்டுவிட்டு என் முகத்துக்கு வந்தது. மோதிரம் பட்டு உதடு கிழிந்தது.

"மேப்பு பாக்கத் துப்பில்ல, உனக்கு இங்கிலீசு ஒரு கேடா?"

எரிந்தது. உதட்டைச் சொல்லவில்லை, வயிற்றைச் சொல்கிறேன்.

அவர் தாராபுரம் ரோட்டில் ஓட்டிப் பழகியவர். எங்கள் பக்கம் வளைவு வந்தால் ஹாரன், ஆளைக் கண்டால் ஹாரன். லாரியின் பின்னாலேயே ஹாரன் அடிக்கச் சொல்லி எழுதியிருக்கும். அடிக்காமல் தாண்டுகிறவனைத்தான் திட்டுவார்கள். அந்த ஊரிலோ காலையிலிருந்து ஒரு ஹாரன் சத்தமும் நான் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் வேலி அடைத்த சந்து. முன்னால் ஒரு வேன். இவர் அதன் பின்னாலேயே வளைவுக்கு வளைவு பாம் பாம் என்று அடித்துக்கொண்டு போனார். அடிக்காதீங்க என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் இன்னொன்று விழும் என்று சும்மா இருந்துவிட்டேன்.

வேன் குறுக்கே நின்றது. மாடு மாதிரி ஒரு ஆள் இறங்கி வந்தான். கார்க் கதவைத் திறந்து இவர் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தான். ஹாரன் அடித்து வம்புக்கு இழுக்கிறாயா என்று கத்திக்கொண்டே மூக்கில் குத்தினான். இவர் முகத்தைப் பானெட்டில் வைத்து மோதினான். "சாரி சார்! அய்யோ, அடிக்காதீங்க சாமி!" என்று என் வீட்டுக்காரர் ரத்தம் ஒழுகக் கையெடுத்துக் கும்பிட்டார்.

நான் அலறினேன். அலறிக்கொண்டே, போடு, நல்லாப் போடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டும் இருந்தேன். பொய் சொல்லி இப்போது என்ன ஆகப்போகிறது?

கீழே விழுந்தவரின் விலாவில் அவன் உதைத்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. இறங்கி ஓடி, காரில் கிடந்த ஸ்டீல் ஃபிளாஸ்கால் அவன் முதுகில் ஓங்கிப் போட்டேன். கையை ஓங்கியபடி திரும்பியவன் என் உதட்டைப் பார்த்தான். அப்படியே கையைத் தொங்கப் போட்டுவிட்டு வேலியோரம் போய் உட்கார்ந்தான்.

பக்கத்துப் பண்ணை வீட்டிலிருந்து யாரோ போன் செய்திருக்க வேண்டும். போலீஸ் வந்தது. ஒரு போலீஸ்கார அம்மா என் முகவாயைத் தொட்டுத் தூக்கிப் பார்த்தாள். "இதையும் அந்த ஆள்தான் செய்தானா?" என்று இங்கிலீஷில் கேட்டாள். வேன்காரன் முகம் வெளுத்துப்போய் இல்லை, இல்லை என்று தலையாட்டினான்.

"ஆமான்னு சொல்லு கண்ணு" என்றார் என் வீட்டுக்காரர், மூக்கைப் பிடித்துக்கொண்டே. "பொம்பளைய அடிச்சான்னா வெளியவே வரமாட்டான். சொல்லு கண்ணு."

கல்யாணமான புதிதில் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டதோடு சரி. ஒரு நிமிஷம் மனசு இளகியது, நிஜம். ஆனால் செய்யாததற்கு ஒருத்தன் ஜெயிலுக்குப் போவான். இவர் மறுபடியும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கார் ஓட்டுவார்.

"அவர் இல்லை" என்று இங்கிலீஷில் சொன்னேன். "என் புருஷன். காருக்குள்ளே. வீட்டிலும் இப்படித்தான்."

அந்த இங்கிலீஷ் அவருக்கும் புரிந்துவிட்டது. போலீஸ் நிற்கிறது, ஊர் வேறு, மூக்கு உடைந்திருக்கிறது, எதுவுமே அந்தக் கைக்குத் தெரியவில்லை. அது பழக்கத்தில் என் முகத்தைப் பார்த்து வந்தது. அந்த அம்மா அதை நடுவிலேயே பிடித்து, முறுக்கி, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அத்தனை வருஷத்தில் அந்தக் கையை ஒருத்தர் பிடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.