பச்சை ஃபிளாஸ்க்கும் இரவல் குரலும்

அத்தையின் பச்சை ஃபிளாஸ்க் இப்போது என் சமையலறை அலமாரியில் இருக்கிறது. மூடியைத் திறந்தால் மிளகு வாசனை இன்னும் போகவில்லை. நாடகத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் அவள் யாரோடும் பேசமாட்டாள். மிளகு தட்டிப் போட்ட வெந்நீரை மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டிருப்பாள். ஆபீஸ் முடிந்து, பாலிகஞ்சில் இருந்த அவள் வீட்டுக்குப் போய் அதைப் போட்டு எடுத்துக்கொண்டு ஒப்பனை அறையில் கொடுப்பது பல வருடம் என் வேலையாக இருந்தது.

அப்பாவின் தங்கை அவள். முப்பது வருடம் வங்காள மேடையில் நடித்தாள். மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கும் குரல். அவள் வங்காளத்தில் தமிழ் வாடை அடிப்பதை மேடையில் யாரும் குறை சொன்னதில்லை, சினிமாக்காரர்களுக்குத்தான் உறுத்தியது. "முகம் எங்க ஊரு, நாக்கு மதராஸ்" என்று சிரித்தார், அவளை நான்கு படங்களில் நடிக்கவைத்த இயக்குநர். நான்கிலும் வேறொரு பெண்ணைத்தான் குரல் கொடுக்கவைத்தார். ஒவ்வொரு முறையும், "அடுத்த படத்துல உங்க குரல்தான், தீதி" என்பார், அக்கா முறை வைத்து. அத்தையும் நம்புவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "இப்படி ஏமாளியா இருக்கியே அத்தே" என்றால், "நாடகம் காத்தோட போயிடும்டி, படம் நிக்கும். ஒரு வசனமாவது என் குரல்ல இருக்கணும்" என்பாள். அந்த ஒரு வசனம் வரவேயில்லை.

போன மாதம் ஜாதவ்பூரில் அவளுக்கு அஞ்சலிக் கூட்டம். அவளைப் போல ஒரு குரல் இனி வராது என்று மைக்கில் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார் இயக்குநர். பிறகு படக்காட்சி ஒன்றைத் திரையில் ஓட்டினார்கள். அத்தை வாயசைத்தாள், பேசியது அந்த இன்னொருத்தி. கூட்டம் விம்மியது. செத்த பிறகும் அவள் வாயில் அடுத்தவள் குரலைத் திணிக்கிறார்களே! நேரே போய் மைக்கைப் பிடுங்கி, "இது அவங்க குரலே இல்லை" என்று வங்காளத்தில் கத்தினேன். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வாட்ஸ்அப்பில் கடைசியாகப் பேசி அனுப்பியது என் போனில் இருந்தது. அதை மைக்கில் வைத்து ஓடவிட்டேன்.

"வரச்சே ஃபிளாஸ்க்கை எடுத்துண்டு வாடி. மிளகு கொஞ்சம் தூக்கலாப் போடு."

தமிழ் தெரியாத கூட்டம்தான். ஆனாலும் மேடையில் அவளைக் கேட்டிருந்த பழைய ஆட்கள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இயக்குநர் தலையைக் குனிந்துகொண்டார். குனியட்டும்.

அவள் அதை அனுப்பிய அன்றைக்கு ஃபிளாஸ்க்கை நான் கொண்டுபோகவில்லை. ஆபீஸில் வேலை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். விடிவதற்குள் அவள் போய்விட்டாள். அடுத்த படம், அடுத்த படம் என்று சொன்ன அந்த ஆளை இன்னும் வாய் ஓயாமல் திட்டுகிறேன். அலமாரியைத் திறக்கும்போது மட்டும் வாய் அடைத்துப்போகிறது.