முனிக்கு வைத்த இலை

எங்கள் அண்ணன் மறைந்து இந்த மாசியோடு ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து இந்நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை அண்ணியார் என்னிடம் விட்டார்கள். நாள் கிழமை தவறாமல் குறித்து வைப்பவன் என்று குடும்பத்தில் எனக்குப் பெயர். ஆனால் அண்ணனின் பிறந்த நாள் எனக்கும் உறுதியாகத் தெரியாது. அடையாள அட்டையில் இருப்பது, அட்டை எழுத வந்த கிராணி தாமாகப் போட்ட தேதி. அம்மா சொன்னது வேறு. மலாயாவில் கோலா சாவாவுக்கு அருகில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், தகடுகளை உலர்த்தும் புதிய புகைக்கொட்டகைக்கு முதன்முதலாகத் தீ மூட்டிய வாரம், ஒரு வியாழக்கிழமை காலை, ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்து ஆட்கள் கலைந்த நேரத்தில் அவர் பிறந்தாராம். நான் அம்மாவையே நம்புகிறேன்.

தோட்டம் என்றால் எல்லாரும் மரங்களை நினைப்பார்கள். நாங்கள் வளர்ந்தது ஆலைக்கு நடுவில். பாலை ரப்பராக்கும் அந்த ஆலையை நாங்கள் ஸ்டோர் என்போம். வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கும் அதற்கும் இடையே ஒரு வாய்க்கால்தான். இஞ்சின் சத்தத்தை வைத்தே நேரம் சொல்வோம். உறைந்த பாலின் புளித்த வாடையும் புகையின் வாடையும் எங்கள் தலைமுடியிலும் துணியிலும் இருந்தன. கல்யாணத்துக்கு வெளியூர் போனால், "ஸ்டோர்க்காரங்க வந்துட்டாங்க" என்று வாசலிலேயே கண்டுகொள்வார்கள். அந்த வாடை இன்று கிடைத்தால் நான் காசு கொடுத்து வாங்குவேன்.

ஜப்பானியர் காலத்தில் அப்பாவைச் சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிச் சென்றார்கள். அவர் திரும்பவில்லை. போர் முடிந்து ஸ்டோர் மறுபடி ஓடத் தொடங்கியதும் அண்ணன் இஞ்சின் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்து, சில ஆண்டுகளில் இஞ்சின் டிரைவர் ஆனார். அம்மா ரப்பர் தகடு அழுத்தும் உருளை மெஷினில் நின்றார். நான் பெரியவனானதும் புகைக்கொட்டகையில் விறகு போடும் வேலைக்குப் போனேன். வீட்டில் மூன்று பேர், மூவரும் ஒரே கூரையின் கீழ் வேலை. அண்ணன் யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. இஞ்சின் நின்றால்கூட அதனிடம் மெதுவாகத்தான் பேசுவார்.

1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது எங்களுக்கு அது பத்திரிகையில் வந்த ஒரு சொல்தான். பிறகு பக்கத்துத் தோட்டத்து ஸ்டோர் எரிந்தது. இரண்டு நாள் அந்தப் பக்கத்து வானம் கறுத்தே கிடந்தது. அதன்பின் எங்கள் லயங்களை ஒன்றாக நெருக்கி, ஸ்டோரையும் சேர்த்துச் சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். வீட்டில் அரிசி வைத்திருக்கக் கூடாது. கூட்டுச் சமையலறையில் வெந்த சோற்றை வாங்கிக்கொள்ள வேண்டும். கடையில் விற்கும் உணவு டின்னைச் சேமித்து வைக்க முடியாதபடி அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள். பால் வெட்டப் போகிறவர்கள் வெறும் வயிற்றோடு போனார்கள். கேட்டில் வெற்றிலைப் பையைக்கூடத் திறந்து பார்ப்பார்கள். காட்டில் ஒளிந்திருந்து போராடிய கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி சோறும் போய்ச் சேரக் கூடாது என்பது சட்டம். மீறினால் என்ன ஆகும் என்பதை ஒலிபெருக்கி வைத்த லாரி நான்கு மொழிகளில் சொல்லிவிட்டுப் போகும்.

கம்பி வேலிக்கு வெளியே தங்கிவிட்டது எங்கள் முனி. கொட்டகைச் சாம்பலைக் கொட்டும் குழிக்கு அப்பால், ஒரு மரத்தடியில் மூன்று கல்லும் ஒரு சூலமும். ஆண்டுதோறும் மாசியில் இலையுதிர்ந்து பால் குறையும்போது கொட்டகையைக் கழுவித் துப்புரவு செய்வோம். மறுபடி தீ மூட்டும் முன் முனிக்கு இலை போட்டுச் சோறு, கருவாடு, முட்டை, சுருட்டு வைப்பது ஸ்டோர்க்காரர்களின் வழக்கம். வேலி வந்தபின் இரண்டு மாசி அது நடக்கவில்லை. மூன்றாவது மாசியில், மெஷினைக் கழுவுவதற்கு முந்தின நாள், அம்மாவின் வலக்கை உருளைக்குள் போனது. அண்ணன் இஞ்சினை நிறுத்துவதற்குள் இரண்டு விரல்கள் போய்விட்டன. காய்ச்சலில் அம்மா ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். முனி பட்டினி கிடக்கிறதாம்.

இலை வைக்கலாமா என்று புதன்கிழமை பிற்பகல் இஞ்சின் அறையில் அண்ணனைக் கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "முனி பசி தாங்கும்டா. தொரை தாங்க மாட்டான். பேசாம வேலையப் பாரு."

நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. அண்ணன் இருந்தவரை இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை காலை என் பங்குச் சோற்றையும் ஒரு துண்டுக் கருவாட்டையும் ஒரு மங்குத் தட்டில் வைத்து இன்னொன்றால் மூடி, சாம்பல் வாளிக்குள் இறக்கி, மேலே சாம்பலைப் பரப்பினேன். வாழை இலையை இடுப்பில் சுற்றிச் சட்டையால் மறைத்தேன். சாம்பல் வாளியைக் கேட்டில் யாரும் கிளறுவதில்லை. உள்ளே கங்கு இருக்கும் என்று பயம். முனிக்கு முன் இலையைப் போட்டுச் சோற்றையும் கருவாட்டையும் வைத்துக் கும்பிட்டுவிட்டு, தட்டுகளோடு திரும்பினேன். மாலையில் கொட்டகைக்குத் தீ மூட்டினோம். அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டது.

சனிக்கிழமை காலை பெரட்டுக்கு எங்களை வரிசையாக உட்கார வைத்தார்கள். சுற்றிலும் துப்பாக்கிகள். வெள்ளைக்கார அதிகாரியோடு ஒரு தமிழ்த் துப்பறியும் போலீஸ்காரர் நின்றார். அவர் உள்ளங்கையில் அந்த வாழை இலை இருந்தது. குரங்கோ பன்றியோ தின்றிருக்கும் என்று அதிகாரி நினைத்தாராம். போலீஸ்காரர் நம் ஆள். அவரை ஏமாற்ற முடியவில்லை. இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லை. மேல்பாதியைக் கீழ்ப்பாதியின் மேல் மடித்து வைத்திருந்தது. விருந்தில் வயிறார உண்டபின் நம் பக்கமாக மடிப்போமே, அதே மடிப்பு. காட்டில் இருந்து வந்து தின்றவரும் நம் ஆள்தான் என்பது அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் புரிந்தது.

வைத்தது யார் என்று தெரியும்வரை கேட் திறக்காது, சமையலறையில் அடுப்பு எரியாது என்றார்கள். பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். எழுந்திருக்க வேண்டியவன் நான். நான் எழவில்லை. இதற்கு மேல் சொல்ல என்னிடம் காரணம் இல்லை.

அண்ணன் எழுந்தார். "நான்தான் வெச்சேன் சார். முனிக்குப் படைச்சது."

"முனி சாப்பிட்டுட்டு எலைய மடிச்சு வெச்சிட்டுப் போனாராடா?"

போலீஸ்காரர் இப்படிக் கேட்டதும் ஒன்றிரண்டு பேர் பயத்தில் சிரித்துவிட்டார்கள். கட்டுப் போட்ட கையோடு அம்மா, "பெரியவனே, நீயா?" என்று கேட்டார். "ஆமாம்மா. கையப் பாத்துக்க," என்றார் அண்ணன். என்னைக் கடந்து போகும்போது மட்டும் நின்றார். "கொட்டகைக்குப் போடா. நெருப்பு அணைஞ்சிடப் போவுது."

நான் கொட்டகைக்குப் போனேன்.

அவரைச் சிரம்பானுக்குக் கொண்டுபோய்க் காவலில் வைத்தார்கள். இந்தியாவுக்கு நாடு கடத்திவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. ஏழு மாதமும் அவரிடம் ஒரே கேள்விதான்: இலையை மடித்தது யார்? அவருக்கு எப்படித் தெரியும்? ஆவணி மாதம், காட்டில் சுட்டுக் கொன்ற மூன்று பேரின் சடலங்களைச் சாலையோரம் கிடத்தி எங்களை வரிசையில் நடத்திப் பார்க்கச் சொன்னார்கள். ஒருவர் நம்மவர். முகத்தைப் பார்க்காமல் நான் அவர் வலக்கையைப் பார்த்தேன். அடையாளம் தெரியும் என்று எங்களில் யாரும் சொல்லவில்லை. ஐப்பசியில், தீபாவளிக்கு நான்கு நாள் முன், அண்ணனை விட்டார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

தோட்டத்துக்குள் அவரை மறுபடி சேர்க்கவில்லை. பேசி வைத்திருந்த பெண் வீட்டார் பின்வாங்கினார்கள். அவர் பெடாஸில் ஒரு மர ஆலையில் வேலை செய்தார். அங்கேதான் அண்ணியாரின் தகப்பனார், ஊர் பேசியதைப் பொருட்படுத்தாமல் பெண் கொடுத்தார். பின்னாளில் அண்ணன் போர்டிக்சன் எண்ணெய் ஆலையில் கொதிகலன் பார்த்து ஓய்வு பெற்றார். நான்கு பிள்ளைகளை ஆளாக்கினார், என்னையும் சேர்த்தால் ஐந்து. கல்யாண வீடுகளில் அவர் இலையில் உட்காராமல் தட்டு கேட்டு வாங்குவார். அதைத் தலைக்கனம் என்றவர்கள் இப்போது காரணம் அறிந்திருப்பீர்கள். "காட்டுக்காரனுக்குச் சோறு போட்டவன்" என்று முதுகுக்குப் பின்னால் பேசியவர்களும் இம்மலரைப் பெறுவோரில் இருக்கிறீர்கள். அது அவர் காதில் விழுந்தபோதெல்லாம் நான் பக்கத்தில் இருந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் வேறு பேச்சை எடுப்பார்.

கடைசி நாட்களில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் இருந்தார். மூன்று மாலைகள் நான் தனியாக அவர் பக்கத்தில் இருந்தேன். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். மூன்று முறையும் பத்திரிகையைத்தான் படித்துக் காட்டினேன். நான்காம் நாள் விடியற்காலை அவர் போய்விட்டார்.

அவரைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், இறுதி ஊர்வலத்துக்குத் தம் வேனைக் கொடுத்த அண்டை வீட்டாருக்கும், தோள் கொடுத்த பழைய ஆலைத் தோழர்களுக்கும், தொலைவிலிருந்து வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணியாருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போனபின், இலை வைத்தது நான்தான் என்று அவர்களிடம் சொன்னேன். அண்ணியார் அழவில்லை.

"தெரியும் தம்பி. கல்யாணமாகி ஒரு வாரத்துலேயே சொல்லிட்டாரு. நீங்களா ஒரு நாளு வந்து சொல்லுவீங்கன்னுதான் ரெண்டு பேரும் இருந்தோம்."

அச்சில் போடலாமா என்று கேட்டேன்.

"அவருக்குத்தான் சொல்லல. மத்தவங்களுக்காவது சொல்லுங்க."

சொல்லிவிட்டேன்.